கைக்குழந்தையோடு பிசினஸ் ஹோட்டலில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது, அலுவலகப் பயிற்சி ஒன்றுக்காக அவளையும் தூக்கிக்கொண்டு முதன்முதலாக ஒரு பிசினஸ் ஹோட்டல் அறைக்குள் நுழைந்தேன். இப்போது அவளுக்கு நான்கு வயது. நடுவில் எத்தனை அறைகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பயணத்துக்கு முந்தின நாள் தோழிகள் தொலைபேசியில் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிசினஸ் ஹோட்டல் என்று நான் சொல்வது, வேலையாக வருகிறவர்கள் ஓரிரு இரவு தங்கிப் போவதற்கென்று கட்டப்பட்ட நடுத்தர விடுதியை. சிறிய அறை, எழுதும் மேசை, இணைய வசதி, காலை உணவு. நீச்சல் குளம், விளையாட்டு அறை, குழந்தைகளுக்கான மெனு இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

குழந்தையோடு போனால் அறை தருவார்களா?

தருவார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் விடுதிகள் சில உண்டு; அதை முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சிக்கல் வருவது வேறு இடத்தில்: ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று ஒவ்வொரு விடுதியிலும் ஒரு வரம்பு இருக்கும். ஒருவர் தங்கும் அறையை எடுத்துவிட்டு, "குழந்தைதானே" என்று போய் நின்றால் வரவேற்பு மேசையில் இழுபறி நடக்கும்.

ரிசார்ட் இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது. எதற்கு இந்தச் சின்ன அறை?

சின்னதாக இருப்பதால்தான். தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். மாடிப்படி, அடுப்பு, கத்தி வைத்த இழுப்பறை, வீட்டுக்காரர் ஆசையாக அடுக்கி வைத்த கண்ணாடிச் சாமான்கள். எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி முடிப்பதற்குள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். பிசினஸ் ஹோட்டல் அறையையோ பதினைந்து நிமிடத்தில் ஒரு மூலை விடாமல் பார்த்துவிடலாம். அலங்காரமே இல்லாத அந்த வறட்டு அறை பெரியவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். உடைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது தாய்க்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று, இரவு இரண்டு மணிக்கும் கீழே ஓர் ஆள் விழித்திருப்பார். கூடுதல் துண்டு வேண்டும், விரிப்பு நனைந்துவிட்டது, டாக்டர் எங்கே என்று எதற்கும் ஒரு எண்ணை அழுத்தினால் போதும். வார இறுதியில் வேலையாக வந்த கூட்டம் வீடு திரும்பிவிடுவதால் இத்தகைய விடுதிகளில் வாடகை பல நேரம் இறங்கும். கட்டடமும் காலியாக இருக்கும். வார நடுவில் இதற்கு நேர் எதிர்.

மூன்று இரவுக்கு மேல் தங்குவதென்றால் நானே வாடகை வீட்டைத்தான் தேடுவேன். நான்காம் நாள் அந்த அறையின் சுவர்கள் குழந்தையை அல்ல, நம்மை நெருக்க ஆரம்பிக்கும்.

முன்பதிவு செய்யும்போது குழந்தையையும் ஒரு ஆளாகக் காட்ட வேண்டுமா?

கட்டாயம். பணம் கேட்பார்களோ என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீ விபத்து என்று வந்தால் எந்த அறையில் எத்தனை பேர் என்று விடுதி பார்ப்பது அந்தப் பதிவைத்தான். அதோடு, சொன்னால்தானே தொட்டில் வரும்.

"குழந்தைக்குக் கட்டணம் இல்லை" என்ற வரியை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அதன் பொருள், தனிப் படுக்கை கேட்காமல் பெற்றோர் கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை என்பதுதான். காலை உணவுக்குத் தனியாகக் கேட்கலாம், கூடுதல் மெத்தைக்கும் கேட்கலாம். வயது வரம்பும் விடுதிக்கு விடுதி மாறும். முன்பதிவு செய்யும் நாளில் உள்ள வயதை அல்ல, தங்கும் நாளில் உள்ள வயதைப் போடுங்கள்.

டபுள் எடுப்பதா, ட்வின் எடுப்பதா?

தமிழில் இரண்டையுமே இரட்டைக் கட்டில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாதிக் குழப்பம் அதனால்தான். டபுள் என்றால் இருவர் படுக்கும் ஒரே கட்டில். ட்வின் என்றால் ஒருவர் படுக்கும் கட்டில்கள் இரண்டு.

டபுள் கட்டிலின் அகலம் சாதாரணமாக 135 முதல் 140 செ.மீ. இருவர் படுத்தால் ஆளுக்கு 70 செ.மீ. தொட்டில் மெத்தையின் அகலமே 60 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். அதாவது டபுள் கட்டிலில் நமக்குக் கிடைப்பதே ஒரு தொட்டில் அகலம்தான். அதில் குழந்தைக்கு எங்கே இடம்? தொட்டில் உறுதியாகக் கிடைத்தால் டபுள் போதும். கட்டிலிலேயே படுக்கும் வயது என்றால் 150 செ.மீ.க்கு மேல் உள்ள குயின், 180 செ.மீ.க்கு மேல் உள்ள கிங் என்று பாருங்கள், அல்லது ட்வின் எடுங்கள்.

ட்வினில் இரண்டு கட்டில்களையும் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சரி. அதற்கும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். சக்கரம் வைத்த கட்டில்கள் இரவில் மெல்ல விலகும். நடுவில் விழும் இடைவெளி குழந்தையின் தலை சிக்குகிற அளவுக்கு வந்துவிடும். சில விடுதிகளில் கட்டில் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும், நகராது. கேட்டுவிட்டு எடுங்கள்.

அறை எந்த இடத்தில் என்பதையும் கேட்டுப் பாருங்கள். லிஃப்டுக்கும் பனிக்கட்டி இயந்திரத்துக்கும் தள்ளி, தாழ்வாரத்தின் கடைசியில் கேட்பேன். குழந்தையின் தூக்கத்துக்காக என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதிக் காரணம் அதுதான். மீதி, கடைசி அறைக்கு ஒரு பக்கம்தான் அண்டை அறை.

கனெக்டிங் அறையும் பக்கத்துப் பக்கத்து அறையும் ஒன்றா?

இல்லை. கனெக்டிங் என்றால் இரண்டு அறைக்கும் நடுவே கதவு இருக்கும். மற்றது வெறும் அண்டை அறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தாழ்வாரத்துக்கு வந்துதான் போக வேண்டும். தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு முதலாவது வரப்பிரசாதம்.

தொட்டில் கிடைக்குமா?

பல இடங்களில் கிடைக்கும், எண்ணிக்கைதான் கொஞ்சம். முழு விடுதிக்கும் இரண்டே இரண்டு இருக்கலாம். ஆகவே "தொட்டில் உண்டா?" என்று கேட்காதீர்கள். "உண்டு" என்பார்கள், அது உண்மையும் கூட. "இந்தத் தேதிக்கு என் பெயரில் ஒதுக்கியாயிற்றா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். அறை சின்னது என்பதால் தொட்டிலை விரித்தால் நடக்க இடம் இருக்குமா என்றும் கேளுங்கள். ஒருமுறை தொட்டில் வந்தது. அதை வைத்ததும் குளியலறைக் கதவு திறக்கவில்லை.

வந்த தொட்டிலை அப்படியே நம்பிக் குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். மடக்குத் தொட்டில் என்றால் நான்கு பக்கமும் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தை கெட்டியாக, தட்டையாக, ஓரத்தில் இரண்டு விரல்கூட நுழையாதபடி பொருந்தி இருக்க வேண்டும். மரத் தொட்டில் என்றால் கம்பிகளுக்கு நடுவே சுமார் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. அளவுகோல் வேண்டாம், குளிர்பான டின் ஒன்றை நுழைத்துப் பாருங்கள், போய்விட்டால் அந்தத் தொட்டில் வேண்டாம். ஒரு பக்கம் கீழே இறங்குகிற பழைய மாதிரித் தொட்டிலை அமெரிக்காவில் 2011 முதல் விற்கவே தடை. விடுதிகள் பயன்படுத்தவும் கூடாது. எங்கே போனாலும் அந்த மாதிரி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விடுதிக்காரர்கள் அன்பாகத் தொட்டிலுக்குள் தலையணையும் கனமான போர்வையும் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அவை இரண்டும் ஆபத்து. நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வையுங்கள்.

தொட்டில் இல்லை. எங்களோடு ஒரே கட்டிலில் படுக்க வைக்கலாமா?

வீட்டில் அப்படித்தான் படுக்கிறோம் என்று சொல்வீர்கள். வீட்டுப் படுக்கை வேறு, இது வேறு. விடுதி மெத்தை ஆள் அமிழ்கிற மாதிரி மென்மையாக இருக்கும், மேலே கனமான பஞ்சுப் போர்வை, சுற்றி நான்கைந்து தலையணை, பயணக் களைப்பில் அடித்துப் போட்டாற்போல் தூங்கும் பெற்றோர். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், குழந்தை பெற்றோரின் அறையில் ஆனால் தனிப் படுக்கையில், மல்லாந்து, கெட்டியான தட்டை மெத்தையில் தூங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு வயதுக்குள் என்றால் நானும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மடக்குத் தொட்டில் ஒன்றை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போவேன்.

இரண்டு வயதைத் தாண்டிய பிறகு பயம் மூச்சுத் திணறலைப் பற்றி அல்ல, விழுவதைப் பற்றி. விடுதிக் கட்டில்கள் உயரம். சுவரோரம் தள்ளிப் போட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை இறங்கிவிடும். விரிப்பின் கீழே, கட்டிலின் விளிம்பு நெடுக, ஒரு குளியல் துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். உருண்டு வரும் குழந்தையை அந்தச் சிறு மேடு பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். விழுந்தாலும் அடிபடாமலிருக்க, உபரித் தலையணைகளைத் தரையில் பரப்புங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியைத் திறக்காதீர்கள். ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். இன்னொருவர் முட்டி போட்டுக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கி அறையைச் சுற்றி வரட்டும். நின்றபடி பார்த்தால் கண்ணில் படாததெல்லாம் அந்த உயரத்தில் தெரியும்.

முதலில் கட்டிலுக்கு அடியில். துப்புரவு செய்கிறவர்கள் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு அறைக்கு அவர்களுக்குத் தரப்படும் நேரம் குறைவு. ஒருமுறை கட்டிலின் கால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மாத்திரை கிடந்தது. யாருடையது, எதற்கானது, ஒன்றும் தெரியாது. மகள் அப்போது கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். அன்று முதல் கைபேசி விளக்கை அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்க்காமல் அவளைத் தரையில் விட்டதில்லை.

அடுத்து கெட்டில். மேசை விளிம்பில், வயர் தொங்கத் தொங்க வைத்திருப்பார்கள். வயரோடு சுருட்டி அலமாரியின் மேல் தட்டுக்கு. அதே அலமாரியில் இஸ்திரிப் பெட்டியும், அதற்கான பலகையும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் பலகை முன்னால் சரியும். அதைப் படுக்கப் போடுங்கள். சலவைக்குத் துணி போடும் பிளாஸ்டிக் பை, தையல் ஊசி, ஷூ பாலிஷ், காபித்தூள் பொட்டலம், தீப்பெட்டி எல்லாம் ஒரே பையில் போட்டு உயரத்தில் வைத்துவிடலாம். திரைச்சீலைக் கயிறு வளையமாகத் தொங்கினால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், கழுத்தில் மாட்டும். தொட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் போடவே வேண்டாம்.

ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி கழன்று, ஒட்டு நாடாவோடு நிற்கும் ரிமோட்டுகள் விடுதிகளில் சகஜம். மெல்லிய ரிமோட், எடை பார்க்கும் கருவி, சிறிய கடிகாரம் போன்றவற்றில் காசு மாதிரி வட்டமான பொத்தான் பேட்டரி இருக்கலாம். அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அதை அரித்துவிடலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காத்திருந்து பார்க்கும் விஷயம் அல்ல.

ஜன்னல் எவ்வளவு திறக்கிறது? 10 செ.மீ.க்கு மேல் திறந்தால் பூட்டச் சொல்லுங்கள், அதன் அடியில் நாற்காலி இருந்தால் நகர்த்துங்கள். பால்கனி உள்ள அறையை நான் எடுப்பதே இல்லை. வாசல் கதவின் பிடி கீழே அழுத்தித் திறக்கும் வகை என்றால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எளிது. திறந்து வெளியே போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்: குழந்தை தாழ்வாரத்தில், நாம் குளியலறையில். ஆகவே உள்ளே வந்ததும் மேல் தாழ்ப்பாளைப் போடுவது பழக்கமாக வேண்டும்.

மினி பாருக்கும் ஒரு வார்த்தை. சில விடுதிகளில் பாட்டிலைத் தூக்கினாலே கணக்கில் ஏறுகிற மாதிரி சென்சார் பொருத்தியிருப்பார்கள். என் மகள் ஒரு மாலையில் எல்லாப் பாட்டில்களையும் எடுத்து வரிசையாகத் தரையில் அடுக்கி விளையாடினாள். மறுநாள் ரசீதில் நான் ஒரு பெருங்குடிகாரி. சொன்னதும் சிரித்துக்கொண்டே நீக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் வந்ததும் பூட்டச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால்?

நடந்திருக்கிறது. ஒன்றரை வயது. உள்ளே டக் என்று ஒரு சத்தம், பிறகு சிரிப்பு, அரை நிமிடம் கழித்து அழுகை. கைப்பிடிக்குக் கீழே வெளிப்பக்கம் பாருங்கள். பல கதவுகளில் ஒரு சின்னப் பள்ளமோ கீறலோ இருக்கும். நாணயத்தையோ நகவெட்டியின் முனையையோ அதில் வைத்துத் திருப்பினால் பூட்டு திறந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. கீழேயிருந்து வந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு நொடியில் திறந்தார். அதற்குள் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. இப்போது அறைக்குள் போனதும் அந்தக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் கதவு முழுதாக மூடாது.

குளிப்பாட்டுவது எப்படி?

விடுதிக் குழாயின் வெந்நீர் வீட்டை விடச் சூடாக வரலாம். குழாய்களில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளராமலிருக்க, பெரிய கட்டடங்களில் வெந்நீரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சேமித்து வைப்பது வழக்கம். கலந்து குறைக்கும் கருவி சரியாக வேலை செய்யாத அறையில் அந்தச் சூடு அப்படியே குழாய்க்கு வந்தால், குழந்தையின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை. 37, 38 டிகிரி போதும். முழங்கைக்கு இதமாக, சூடே தெரியாத மாதிரி இருக்கும். குளிப்பாட்டி முடிக்கும்வரை குழாயின் பக்கம் நம் முதுகு இருக்கட்டும். குழந்தையின் கை அங்கே போகக் கூடாது.

ஷவர் மட்டும் உள்ள அறையில் கைக்குழந்தையை என்ன செய்வது? கைகழுவும் தொட்டியைக் கழுவிவிட்டுச் சிலர் அதில் உட்கார வைக்கிறார்கள். குழாய் முனை தலையில் இடிக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுவதே மேல். இரண்டு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

பால் மாவு, தாய்ப்பால், அறைக் குளிர்பதனப் பெட்டி: என்ன கவனிக்க வேண்டும்?

கெட்டிலில் முந்தைய ஆள் என்ன காய்ச்சினாரோ. கழுவி, ஒருமுறை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை எடுங்கள். பால் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது. கொதித்த நீரை அரை மணிக்கு மேல் ஆறவிடக் கூடாது. கலந்தபின் புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றிக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

அறையில் இருக்கும் சின்னக் குளிர்பதனப் பெட்டியை நம்பாதீர்கள். சத்தம் வரக் கூடாது என்பதற்காக அவற்றில் பல கம்ப்ரஸர் இல்லாமல் செய்யப்பட்டவை. குளிர்பானத்தைச் சில்லென்று வைக்கும், பாலைக் காக்கும் அளவுக்குக் குளிருமா என்பது சந்தேகம். அதைவிட மோசம், சாவி அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனால் சில அறைகளில் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும். பிழிந்த தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும், நல்ல குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள். விடுதியின் சமையலறைப் பெட்டியில், பெயரும் அறை எண்ணும் ஒட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். இதுவரை எனக்கு யாரும் மறுத்ததில்லை.

எட்டு மணிக்குக் குழந்தை தூங்கிவிடுகிறது. ஒரே அறை. நாங்கள் என்ன செய்வது?

பாதுகாப்பைப் பற்றி ஆயிரம் பேர் சொல்வார்கள், இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. விளக்கை அணைத்தாயிற்று. குழந்தை கண்ணை மூடியாயிற்று. இருட்டில் இரண்டு பெரியவர்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு விடவும் யோசிக்கிறார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்தால் இடி இடித்தாற்போல் கேட்கிறது.

இத்தகைய அறைகளில் வாசல் கதவுக்கும் படுக்கைக்கும் நடுவே, குளியலறையை ஒட்டி ஒரு குறுகிய நடை இருக்கும். அதுதான் எங்கள் கூடம். தொட்டிலை அறையின் மறுகோடியில், ஆனால் ஜன்னலை ஒட்டாமல் போடுவோம். நடையில் ஒரு துண்டை விரித்து, குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வைத்தால், விழுகிற வெளிச்சத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடலாம். காற்றிழுக்கும் விசிறியின் உறுமல் நம் பேச்சை மூடிவிடும். எங்கள் திருமண நாள் ஒன்று அந்த நடையில்தான் கழிந்தது: அவர் காலணி வைக்கும் தட்டில் சாய்ந்து, நான் கதவில் சாய்ந்து. மோசமாக ஒன்றும் இல்லை.

இதற்கு முன்னேற்பாடு வேண்டும். குழந்தையைப் படுக்கப் போடுவதற்கு முன்பே சாப்பாடு, கைபேசி, சார்ஜர், மறுநாள் உடுப்பு, பல் துலக்கி எல்லாம் நடைக்கு வந்துவிட வேண்டும். உறைகளை முன்னதாகவே பிரித்து வையுங்கள். தொலைக்காட்சியின் சிவப்பு விளக்கு, ஏ.சி.யின் பச்சை எண்கள் கண்ணைக் குத்தினால் ஒட்டு நாடா துண்டு ஒன்று போதும். திரைச்சீலைகள் நடுவில் சேராமல் விடியற்காலையில் வெயில் நேரே குழந்தையின் முகத்தில் விழும். அலமாரியில் கிளிப் வைத்த ஹேங்கர் இருக்கும், அதன் கிளிப்பால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடலாம்.

தூங்கவைத்துவிட்டு, கைபேசியை அழைப்பில் வைத்துவிட்டு, கீழே போய்ச் சாப்பிட்டு வரலாமா?

கூடாது.

இரவில் அழுதால் பக்கத்து அறைக்காரர் திட்டமாட்டாரா?

திட்டலாம். வார நடுவில் அவர் மறுநாள் கூட்டத்துக்கு வந்தவர். தூக்கம் கெட்டால் கோபம் நியாயம்தான். அழுகை தொடங்கியதும் குழந்தையைத் தூக்கிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு கதவு கூடுவதால் தாழ்வாரத்துக்குச் சத்தம் குறையும். அதோடு, அந்தக் குளியலறைச் சுவருக்கு அப்பால் பல நேரம் அடுத்த அறையின் குளியலறைதான் இருக்கும், படுக்கை அல்ல, அதுவும் வசதி. காலையில் லிஃப்டில் பார்த்தால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். பாதிப் பேர் தங்கள் பேரக்குழந்தைகளின் படத்தைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

புது இடத்தில் முதல் இரவு எந்தக் குழந்தையும் எழும். வீட்டுத் தொட்டில் விரிப்பைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். பழகிய வாசனை வேலை செய்கிறது.

காலை உணவுக்கு எப்போது இறங்குவது?

திறக்கும் நேரத்துக்கே. குழந்தை எப்படியும் ஐந்தரைக்கு எழுந்திருக்கும். ஏழரைக்குப் பிறகு மடிக்கணினிப் பையோடு ஒரு படையே வரும். வரிசையில் சூடான காபிக் கோப்பைகள் குழந்தையின் தலைக்கு மேலே போய்வரும். உயர நாற்காலி எத்தனை என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்று என்பார்கள். முதலில் வந்தவருக்குத்தான் அது.

வேலையும் பார்க்க வேண்டும். அறையிலிருந்தே காணொலிக் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியுமா?

குழந்தை தூங்கும் நேரத்தை நம்பிக் கூட்டம் வைக்காதீர்கள். சரியாக அன்றுதான் தூங்காது. கூட்ட அறையை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் விடுதிகள் உண்டு. துணைக்கு ஆள் இருந்தால் அவர் குழந்தையோடு வெளியே போகட்டும், நீங்கள் அறையில் இருங்கள். எதிர்மாறாகச் செய்தால், அறையில் அடைபட்ட குழந்தையோடு அவர் படும் பாட்டைச் சாயங்காலம் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

செக்-இன் பிற்பகலில்தான். விடியற்காலையில் போய் இறங்கினால்?

பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள், அறை தரமாட்டார்கள். முந்தைய ஆள் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். முந்தின இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுத்துவிடுவது ஒரு வழி. செலவுதான், ஆனால் இரவுப் பயணம் முடித்த குழந்தையோடு ஏழு மணி நேரம் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த முறை கணக்குப் பார்ப்பதில்லை. மாற்று உடுப்பு, டயபர், ஒரு வேளை உணவு மூன்றும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால்?

வழக்கமாகக் கொடுக்கும் பாராசிட்டமால் மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போனால் அதே பெயர் போட்ட மருந்தின் வீரியம் மாறும்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்பதும் உண்டு, 160-உம் உண்டு, 250-உம் உண்டு. வீட்டு அளவை மனதில் வைத்துக் கடையில் வாங்கியதை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். உங்கள் மருத்துவரிடம் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு, மில்லியில் அல்ல, மில்லிகிராமில் எழுதி வாங்குங்கள். இரவில் திறந்திருக்கும் குழந்தைகள் மருத்துவமனை எது என்பதை வந்த அன்றே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.

தீ எச்சரிக்கை மணி அடித்தால்?

லிஃப்ட் கூடாது, தள்ளுவண்டி கூடாது. குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணியோ பட்டையோ கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்க ஒரு கை வேண்டும். வந்த அன்றே அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். மகளுக்கு இப்போது இது ஒரு விளையாட்டு. அவள்தான் எண்ணுகிறாள், ஆறுக்குப் பிறகு எட்டு வந்துவிடுவதால் நானும் கூடவே மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன்.

நான் தனியாகக் குழந்தையோடு போகிறேன். எதில் அதிகக் கவனம் வேண்டும்?

நாம் குளிக்கும் நேரத்தில். தொட்டிலையோ தள்ளுவண்டியையோ குளியலறை வாசலில் நிறுத்தி, குழந்தை கண்ணில் படும்படி கதவைத் திறந்து வைத்துக் குளியுங்கள். தரை நனைந்தால் நனையட்டும். அறை எண்ணை வரவேற்பில் உரக்கச் சொன்னால், எழுதிக் காட்டச் சொல்லி வேறு அறை கேளுங்கள். நாடு கடந்து போகும்போது மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதத்தைக் கேட்கும் இடங்கள் உண்டு. ஒரு பிரதி பையில் கிடக்கட்டும்.

அறையைக் காலி செய்யும்போது எதை மறப்போம்?

சார்ஜரை அல்ல. விரிப்புகளுக்குள் சுருண்டு கிடக்கும் துணிப் பொம்மையை. வெள்ளை விரிப்போடு அதுவும் சலவைக்குப் போய்விடும், பிறகு கிடைப்பது அபூர்வம். எங்கள் முயல் ஒன்று அப்படித்தான் போனது. இப்போது அதே மாதிரி இன்னொன்று வாங்கி வீட்டு அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் விரிப்புகளை நானே உதறி, நாற்காலியில் குவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.